மூன்றாம் ஆள்

கடந்த டிசம்பர் முதலாவது சனிக்கிழமை காலை எட்டு மணி. மொன்றியல் நகர மையத்தில், நிலத்தடி வாகனத் தரிப்பிடம் ஒன்றின் மூலையில் இருந்த வாடகைக் கார் நிறுவனத்தின் கருமபீடத்துக்கு முன்னால் நானும் அம்மாவும் நின்றோம். வெளியே மைனஸ் பதினொன்று. அம்மா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கருமபீடத்தில் நின்ற இளைஞனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் என்னிடம் பிரெஞ்சில் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தான்.

"என்னவாம்?"

"கார் உடைஞ்சால் ஆர் காசு கட்டுறதெண்டு கேக்கிறான்."

"நாங்கள் இன்னும் ஏறவேயில்லை. அதுக்குள்ள உடையிற கதையோ? நல்ல காரியத்துக்குப் போற நேரம்."

நல்ல காரியம்தான். ஸ்கார்பரோவில் என் நண்பன் ஒருவன் வீடு வாங்கியிருந்தான். ஞாயிறு காலை பால் காய்ச்சுகிறான். மூன்று மாதம் என்னோடு தங்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவையும் கட்டாயம் கூட்டிவரச் சொல்லியிருந்தான்.

இளைஞன் கேட்டவை நான்கு கேள்விகள். காருக்கு ஏற்படும் சேதத்துக்கு உங்களைப் பொறுப்பாக்காத விலக்கு வேண்டுமா, நாளுக்கு 31 டொலர். மற்றவர்களுக்கு நீங்கள் விளைவிக்கும் சேதத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டுமா, நாளுக்கு 14 டொலர். பெற்றோலுக்கு முன்கூட்டியே கட்டிவிட்டு வெறுந் தாங்கியோடு கொண்டுவந்து விடுகிறீர்களா. நான்காவதை அவன் விசைப்பலகையைப் பார்த்தபடி, ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டான்: வேறு யாராவது ஓட்டுவார்களா?

முதல் மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் கணக்கு இருந்தது. நான்காவது கேள்வியோடு எனக்குப் பதினைந்து வருடங்களுக்கு மேலான பழக்கம்.

என் தொழில் தகவல் தொழில்நுட்ப ஆலோசனை. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் தங்கள் பழைய கணினி முறைகளிலிருந்து புதியவற்றுக்கு மாறும்போது என்னென்ன பிழைக்கலாம், பிழைத்தால் யார் தலையில் விழும் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பதுதான் அதில் பெரும்பகுதி. வீடு கோட்-டெ-நேஜ் பகுதியில், மெற்றோவுக்குப் பக்கத்தில். சொந்தமாகக் கார் இல்லை. பனிக்காலத்தில் வீதியோரம் நிறுத்திய காரைத் தோண்டி எடுப்பதை இரண்டு வருடம் செய்துபார்த்துவிட்டு விற்றுவிட்டேன். வருடத்துக்கு ஆறேழு தடவை, கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா என்று வாடகைக்கு எடுப்பேன். அதனால் இங்குள்ள நண்பர்கள் பலர் கருமபீடத்தில் நின்றபடியே எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். "மச்சான், இன்சூரன்ஸ் எடுக்கட்டோ, விடட்டோ? ஒரு சொல்லில சொல்லு." ஒரு சொல்லில் சொல்ல முடியாது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்வார்களென்றால் நான் சொல்வது இதைத்தான்.

முதலில், கருமபீடத்தில் விற்கப்படும் அந்த 31 டொலர் காப்புறுதி அல்ல. கார் சேதமானாலோ களவுபோனாலோ உன்னிடம் பணம் கேட்கமாட்டேன் என்று நிறுவனம் தரும் வாக்குறுதி. எல்லா வாக்குறுதிகளையும்போல அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலோ, ஓட்டியவர் குடித்திருந்தாலோ வாக்குறுதி செல்லாது.

இரண்டாவது, உங்கள் சட்டைப்பையில் ஏற்கெனவே ஒரு பாதுகாப்பு இருக்கலாம். கனடாவில் பல கடனட்டைகள் வாடகைக் காருக்கு ஏற்படும் சேதத்தைத் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் முழு வாடகையையும் அந்த அட்டையிலேயே கட்டவேண்டும். கருமபீடத்தில் விற்கும் விலக்கை வேண்டாமென்று சொல்லவேண்டும். அதையும் எடுத்தால் அட்டையின் பாதுகாப்பு விலகிக்கொள்ளும். இத்தனை நாளுக்கு மேல் எடுக்கக்கூடாது, இன்ன விலைக்கு மேற்பட்ட வண்டியை எடுக்கக்கூடாது, பாரவண்டி எடுக்கக்கூடாது என்று பட்டியல் இருக்கும். சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தங்கள் கார்க் காப்புறுதியோடு இருபத்தேழாம் இலக்கப் பின்னிணைப்பைச் சேர்த்திருந்தால் அது வாடகைக் காருக்கும் பொருந்தும். கியூபெக்கிலும் ஒன்ராறியோவிலும் பெயர் வேறு, இலக்கம் ஒன்றுதான்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. கடனட்டை தருவது காருக்கான பாதுகாப்பு மட்டுமே. நீங்கள் இடித்த மற்றக் காருக்கோ அதில் இருந்தவருக்கோ அது ஒரு சதமும் தராது. அதற்கு வேறு காப்புறுதி வேண்டும். சட்டப்படி ஒவ்வொரு காருக்கும் இருக்கவேண்டிய ஆகக் குறைந்த பொறுப்புக் காப்புறுதி கியூபெக்கில் 50,000 டொலர். ஒன்ராறியோவில் 200,000.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. 1978 மார்ச் முதலாம் திகதியிலிருந்து கியூபெக்கில் வீதி விபத்தில் காயப்பட்டவரை அரசு பார்த்துக்கொள்கிறது. பிழை யாருடையது என்ற கேள்வியே இல்லை. காயத்துக்காக யாரும் யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. நாம் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் வாகனப் பதிவுக்கும் கட்டும் பணத்திலிருந்து அது நடக்கிறது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் லீஸ் பயெற், தொலைக்காட்சியில் புகழ்பெற்றிருந்தவர். அதே வருடம் கார் இலக்கத் தகடுகளில் இருந்த 'அழகிய மாகாணம்' என்ற வாசகம் போய், 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்' என்ற வாசகம் வந்ததற்கும் அவர்தான் பொறுப்பு.

கியூபெக் வாசிகளுக்கு அந்தப் பாதுகாப்பு உலகத்தில் எங்கே போனாலும் தொடரும். வெளியிலிருந்து வந்தவருக்கு அப்படியல்ல. கியூபெக் தகடு பூட்டிய காரில் அம்மா என் பக்கத்தில் இருக்கும்போது, கியூபெக்குக்குள் விபத்து நடந்தால் அவரும் இந்த ஊர்க்காரர்போலத்தான். 20ஆம் இலக்க நெடுஞ்சாலை ஒன்ராறியோ எல்லையில் 401 என்று பெயர் மாறுகிறது. அந்த இடத்தில் அம்மாவின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது ஒரு வரவேற்புப் பலகை மட்டுமே. எல்லைக்கு அப்பால் நான் யாரையாவது காயப்படுத்தினால் அவர் அந்த மாகாணச் சட்டப்படி என்மீது வழக்கும் போடலாம்.

இவ்வளவையும் நான் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. 2009 ஜனவரியில், கிங்ஸ்ரனுக்குக் கிழக்கே ஒரு பனிப் பள்ளத்தில் படித்தேன்.

அப்போது கொன்கோர்டியாவில் முதுகலைப் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருந்தேன். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. ஜனவரி 30ஆம் திகதி ரொறன்ரோ நகர மையத்தில் மனிதச் சங்கிலி என்று செய்தி வந்தபோது, பார்க்-எக்ஸ்ரென்சன் பகுதியிலிருந்து நாங்கள் நான்கு பேர் போவதென்று முடிவெடுத்தோம். சாரதி அனுமதிப்பத்திரம் இரண்டு பேரிடம் இருந்தது. கடனட்டை என்னிடம் மட்டும் இருந்தது. கருமபீடத்தில் இருந்த பெண் இதே நான்காவது கேள்வியைக் கேட்டாள். இரண்டாவது சாரதிக்கு நாளுக்கு 12 டொலர். இரண்டு நாளுக்கு 24. நான் இல்லை என்றேன். கடனட்டையில் பாதுகாப்பு இருக்கிறதென்று யாரோ சொன்னது நினைவிருந்ததால் மற்றவற்றையும் வேண்டாம் என்றேன். ஒப்பந்தத்தில் 'ஃப்ரான்ஷீஸ்' என்ற சொல் வந்த இடமெல்லாம் நிறுவனத்தின் கிளையைச் சொல்கிறார்களாக்கும் என்று நினைத்துக் கையொப்பமிட்டேன். பிரெஞ்சில் அதற்கு வேறு பொருள்: சேதத்தில் முதலில் நாம் கட்டவேண்டிய பங்கு. இப்போது கியூபெக்கில் இப்படிப்பட்ட அச்சிட்ட ஒப்பந்தங்களின் பிரெஞ்சுப் பிரதியை முதலில் தந்த பிறகுதான் ஆங்கிலப் பிரதியைத் தரலாம். 2023 ஜூனிலிருந்து அப்படிச் சட்டம். அந்தச் சொல்லை இன்றைக்கும் எத்தனை பேர் என்னைப்போலவே வாசிக்கிறார்களோ.

போகும்போது நான்தான் ஓட்டினேன். நாள் முழுக்க அந்தக் குளிரில் மனிதர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இரவு திரும்பும்போது கிங்ஸ்ரனில் கோப்பி குடிக்க நிறுத்தினோம். என் கண்கள் செருகிக்கொண்டிருந்தன.

"தா மச்சான், நான் ஓட்டுறன்," என்றான் நண்பன். "எனக்கு எப்பிடியும் நித்திரை வராது."

அவனுடைய தாய் வன்னிக்குள் இருந்தார். கடைசியாகப் புதுக்குடியிருப்பிலிருந்து யாரோ எடுத்த தொலைபேசியில் அவருடைய பெயர் ஒருதரம் வந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினேன். விழித்தபோது கார் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. அவன் ஒன்றும் வேகமாக ஓட்டவில்லை. பனி காற்றில் பறந்து வீதியில் படிந்து, அதன்கீழ் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். கார் மெதுவாக, யோசித்து முடிவெடுத்ததுபோல, வீதியை விட்டிறங்கிப் பள்ளத்தில் மூக்குக் குத்தி நின்றது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. காரின் முன்பக்கம் உள்ளே போயிருந்தது.

பொலிஸ் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த நேரத்துக்குள் என் தலைக்குள் அட்டவணை ஓடிவிட்டது. ஓட்டியது நான் என்றால் கடனட்டை பார்த்துக்கொள்ளும். ஓட்டியது அவன் என்றால் ஒன்றும் இல்லை. சொன்னேன். பின்னால் இருந்த இருவரும் அதுதான் சரி என்றார்கள்.

அவன் மட்டும், "ஏலாது மச்சான்," என்றான்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. ஒரு சின்னச் சொல்லுத்தானே."

"எனக்கு இன்னும் கேஸ் விளங்கேல்லை. நான் சொல்லுறதை நம்புங்கோ எண்டுதான் இந்த நாட்டிட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன். என்னட்டை வேற ஒண்டுமில்லை. இதில ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டு நாளைக்கு அங்க போய் என்னெண்டு இருக்கிறது?"

அகதிக் கோரிக்கை விசாரணையில் ஒருவரின் சொல்லை நம்பலாமா இல்லையா என்பதில்தான் பெரும்பாலும் எல்லாம் தங்கியிருக்கிறது. அது எனக்கும் தெரியும். படிக்க வந்த எனக்கு அது ஒரு தகவல், அவனுக்கு அதுதான் வாழ்க்கை. பொலிஸ்காரர் குனிந்து, யார் ஓட்டியது என்று கேட்டார். அவன் கையை உயர்த்தினான், வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவதுபோல.

கணக்கு மூன்று வாரத்தில் வந்தது. திருத்தச் செலவு, இழுவை வண்டி, கார் பட்டறையில் கிடந்த நாட்களுக்கு நிறுவனம் இழந்த வாடகை, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 5,200 டொலர். கடனட்டை நிறுவனம் ஒரு பக்கக் கடிதத்தில் மறுத்தது: ஓட்டியவர் ஒப்பந்தத்தில் அனுமதிக்கப்பட்ட சாரதி அல்ல. அவர்கள் பக்கம் பிழையே இல்லை. 24 டொலரை மிச்சம் பிடித்தவன் நான்.

பிறகு நான் செய்ததைச் சொல்லவேண்டும். கணக்கை ஒரு எக்செல் தாளில் போட்டு, இரண்டாகப் பிரித்து, மின்னஞ்சலில் அவனுக்கு அனுப்பினேன். காசு தா என்று எழுதவில்லை. வேறு ஒன்றுமே எழுதவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அவன் ஜோன்-ராலோன் வீதியில் மரக்கறிக் கடை வாசலில் நின்று ஒரு கடித உறை தருவான். உள்ளே ஐந்து இருபது டொலர்த் தாள்கள். ஓர் உணவகத்தில் இரவில் கோப்பை கழுவிச் சம்பாதித்தது. 26 மாதம், 2,600 டொலர்.

அந்த மே மாதம் எல்லாம் முடிந்தது. செட்டிக்குளம் முகாம்களில் தேடிப் பார்த்தவர்கள் அவனுடைய தாய் அங்கு இல்லை என்று சொன்னார்கள். ஜூன் முதல் ஞாயிறும் அவன் உறையோடு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. நான் வேண்டாம் மச்சான் என்று சொல்லியிருக்கலாம். நானும் அப்போது கடனில்தான் இருந்தேன் என்பது உண்மை. ஆனால் கையை நீட்டி வாங்கியதற்கு அது காரணமல்ல. பள்ளத்தில் அவன் உண்மையைச் சொன்னதை நான் இன்னும் மன்னித்திருக்கவில்லை. அதுதான் காரணம்.

அடுத்த வருடம் அவனுடைய கோரிக்கை ஏற்கப்பட்டது. கடைசி உறையைத் தந்த பிறகு ஸ்கார்பரோவுக்குப் போய்விட்டான். நட்பு முறியவில்லை. பேசிக்கொண்டோம், கலியாணத்துக்குப் போனேன், பிள்ளைகள் பிறந்தபோது போனேன். அந்தக் காசைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

கருமபீடத்தில் அம்மா இரண்டாவது கேள்விக்கும் மொழிபெயர்ப்புக் கேட்டார். "இது எங்கட காருக்கில்லை அம்மா. நாங்கள் ஆரையும் இடிச்சால் அவைக்குக் குடுக்கிறது."

"தேர்ட் பார்ட்டி," என்றார் அம்மா உடனே. ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த சில நூறு சொற்களில் அதுவும் ஒன்று என்பதை மறந்துபோனேன்.

அப்பா சுன்னாகம் சந்தைக்கு முன்னால் ஒஸ்ரின் ஏ-40 ஒன்றை வைத்து ஹயர் ஓடினவர். இலங்கையில் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி கட்டாயம். தன் காருக்கான முழுக் காப்புறுதி அவரவர் விருப்பம். அப்பா வருடாவருடம் முதலாவதை மட்டும் எடுத்தார். "மற்றவனுக்கு இன்சூரன்ஸ், எனக்கு நல்லூரான்" என்பாராம். காசில்லாத காரணத்தை அழகாகச் சொன்னார் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அன்று காலை கருமபீடத்தில் நின்றபோது வேறொன்று தட்டுப்பட்டது. அப்பாவின் கடதாசி மற்றவரை மட்டும் பார்த்தது, தன் காரைப் பார்க்கவில்லை. என் சட்டைப்பையில் இருந்த அட்டையோ காரை மட்டும் பார்க்கிறது, ஆட்களைப் பார்க்கவில்லை. 2009இல் நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு வேண்டாம் என்றேன், அட்டை போதும். இரண்டாவதுக்கு ஓம் என்றேன். மூன்று நாளுக்கு 42 டொலர். இந்தக் கூடுதல் பாதுகாப்பு எல்லா நிறுவனத்திலும் கிடைப்பதில்லை, இருக்கும் இடத்தில் எடுப்பது நல்லது. அம்மா சுப்பர் விசாவில் வந்தவர். அதற்கு ஆகக் குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும். அந்தப் பத்திரத்தை முதல்நாள் இரவே எடுத்து, வீதி விபத்துக் காயத்தை விலக்கியிருக்கிறதா, மாகாணம் மாறினாலும் செல்லுமா என்று வாசித்து வைத்திருந்தேன். விலக்கவில்லை, செல்லும். அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை.

மூன்றாவது கேள்விக்கு அம்மாவே பதில் வைத்திருந்தார்.

"முழுத் தாங்கிக்கும் இப்பவே காசு கட்டினால், திருப்பி நிரப்பத் தேவையில்லையாம்."

"மிச்சம் இருந்தால்?"

"மிச்சத்துக்குக் காசு திருப்பித் தரமாட்டினம்."

"அப்ப விடு."

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மொன்றியலிலிருந்து ரொறன்ரோ 540 கிலோமீற்றர். போய்வர, உள்ளூர் ஓட்டமும் சேர்த்து 1,150 என்று வைத்தால், நூறு கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கும் காருக்கு 92 லீற்றர் வேண்டும். தாங்கியில் பிடிப்பது 50. எப்படியும் வழியில் ஒருதரம் நிரப்பத்தான் வேண்டும். முன்கூட்டியே கட்டினால் இலாபம் பார்ப்பதற்குத் தாங்கி வற்ற வற்றக் கொண்டுவந்து விடவேண்டும். கால்வாசி மிஞ்சினாலும் பன்னிரண்டு லீற்றருக்கு மேல் தானம். பனிக்காலத்தில் நெடுஞ்சாலையில் தாங்கியை வற்றவிடுவது மடத்தனம். விபத்தொன்றால் வீதி மறிபட்டு இரண்டு மணித்தியாலம் நின்றால் சூடு காட்டுவதற்கும் அந்தப் பெற்றோல்தான். மூன்றாவது வழி, நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுவது. அப்போது நிறுவனம் தன் விலைக்கு நிரப்பிக் கூலியும் சேர்க்கும். ஆகவே பழைய வழிதான் நல்லது: நிறைத்து எடுத்தால் நிறைத்துக் கொடு, பற்றுச்சீட்டை வைத்திரு. கியூபெக்கைவிட ஒன்ராறியோவில் பெரும்பாலும் விலை குறைவு. திரும்பும்போது எல்லைக்கு முன்னால் கோர்ன்வோலில் நிரப்பிக்கொண்டு, கடைசி ஒன்பது பத்து லீற்றரை மட்டும் மொன்றியலில் விடலாம்.

நான்காவது கேள்விக்கு, இல்லை, நான் மட்டும்தான் என்றேன். இந்தமுறை அது உண்மை. இளைஞன் சாவியைத் தந்தான். டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து மார்ச் 15 வரை கியூபெக்கில் பனிக்கால ரயர் கட்டாயம் என்பதால் அதை மட்டும் அவன் கேட்கவில்லை. அது ஏற்கெனவே பூட்டியிருந்தது.

வழியில் அம்மா அப்பாவின் காரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. வாகனங்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. என்ஜின் உயிர்க்க மட்டும் காபரேற்றரில் சில துளி பெற்றோல் விடவேண்டும். அந்தச் சில துளிக்காக அப்பா ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்தார், சுவாமிப் படத்துக்குப் பின்னால். எனக்குப் பத்து வயது. அந்தப் போத்தலைத் தொட்டால் அடி விழும். மண்ணெண்ணெயும் யானை விலை. யாராவது அவசரத்துக்குக் காரைக் கேட்டுவந்தால் அப்பா சொல்வது, "கார் என்ர, எண்ணெய் உங்கட." ஒரு பிள்ளைப்பேற்றுக்காக நடுச்சாமத்தில் ஒரு குடும்பம் இரண்டு போத்தல் மண்ணெண்ணெயோடு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு மிஞ்சியதை அப்பா அளந்து, அடுத்தநாள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். அரைப் போத்தல்கூட இல்லையாம்.

பால் பொங்கியது. பிள்ளைகள் வெற்றுக் கூடத்தில் சறுக்கி விளையாடினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நானும் நண்பனும் வாகனக் கொட்டிலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். என் கோட்டுப்பையில் ஓர் உறை இருந்தது. உள்ளே 2,600 டொலர். வீட்டுக்கு அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுப்பதாக எண்ணம். நீட்டினேன். தடிப்பைப் பார்த்தே அவனுக்கு விளங்கிவிட்டது. எண்ணவில்லை.

"வேண்டாம் மச்சான்."

"நான் அதை வாங்கியிருக்கக்கூடாது. அதுவும் அந்த ஜூனில."

அவன் ஒரு கதிரையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்: "அந்த ரண்டு வருசமும் என்ர கையில ஒண்டும் இருக்கேல்லை. கேஸ் அவங்கட கையில, அம்மா ஆற்ற கையில எண்டே தெரியாது. மாசம் முதல் ஞாயிறு உனக்கு நூறு டொலர் குடுக்கோணும். அது ஒண்டுதான் நான் நினைச்சமாதிரி நடந்தது. நீ வேண்டாமெண்டு சொல்லியிருந்தால் எனக்கு அதுவும் இல்லை."

அவன் என்னை விடுவிக்கத்தான் அப்படிச் சொன்னானா, உண்மையாகவே அப்படித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன் என்பது மட்டும் தெரியும். உறையில் இருபது டொலரை மட்டும் எடுத்துத் தன் மகளின் கையில் கொடுத்து, "மாமா தந்தது" என்றான். மிச்சத்தை என் கோட்டுப்பையில் திரும்பச் செருகினான்.

திங்கள் காலை புறப்படும்போது பனி தூறியது. நெடுஞ்சாலை ஏறும்வரை நெரிசலாக இருக்கும், அதுவரை தான் ஓட்டித்தருவதாகச் சொன்னான்.

"உன்ர பேர் ஒப்பந்தத்தில இல்லை மச்சான்."

"எந்தமுறைதான் இருந்தது?" என்றான். இருவரும் சிரித்தோம். அம்மா ஏனென்று கேட்டார். கிங்ஸ்ரன் தாண்டும்போது அவருக்கு முழுவதையும் சொன்னேன், ஜூன் மாதத்து உறையையும் சேர்த்து. அம்மா கோர்ன்வோல்வரை ஒன்றும் பேசவில்லை.

காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடைசித் தடவை நிரப்பினேன். அம்மா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். தாங்கி நிரம்பி, பம்பியின் கைப்பிடி டக் என்று நின்றது.

"நிரம்பீட்டுதோ?"

"ஓம். தானாவே நிண்டுட்டுது."

"இரவல் வாங்கின சுண்டு அரிசியைத் தலை தட்டிக் குடுக்கிறேல்லை. இன்னும் கொஞ்சம் விடு."

விடக்கூடாது என்றுதான் பம்பியில் எழுதியிருந்தது. மானியில் 13 டொலர் 62 சதம் காட்டியது. மெல்ல அழுத்தி 14க்குக் கொண்டுவந்தேன்.